வெற்றிடத்துக்கு எழுதிக் கொடுத்த வீடு

செட்டிபாளையம்,
வைகாசி 2006.

என் தங்கை பெற்ற மருமகன் தனுசனுக்கு மாமா நல்லரத்தினம் எழுதுவது. அம்மன் அருளால் நீ கொழும்பில் சுகமாக இருப்பாய். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை மறுக்கிறது.

சுனாமி வீட்டுத் திட்டத்துக்கு நீ எழுதிய கணினி நிரலைப் பற்றித்தான் சொல்கிறேன். நம் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு, அதிலும் மூத்தவளுக்கு முதலில் என்பது உனக்குத் தெரியும். அதனால் எக்ஸ்எம்எல் கோப்பில் ஒவ்வொரு குடும்பத்தின் கீழும் பெண்பிள்ளைகளை வயதுப்படி போடுங்கள், முதலாவது பிள்ளையின் பெயரில் நிரல் வீட்டை எழுதும் என்றாய். ஊர்க் குடும்பங்கள் எல்லாவற்றையும் நானே இருந்து அப்படியே போட்டேன். போன மாதம் அலுவலகச் சுவரில் ஒட்டிய பட்டியலைப் பார்த்தால், எங்கள் வீட்டுக்கு உரியவள் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். கல்யாணத்துக்கு நாள் குறித்த கிருஷாந்தினி பக்கத்தில் நின்று, "அப்பா, நான் எங்க?" என்கிறாள். 

உன்னைத் தொலைபேசியில் கேட்டால், "மாமா, நீங்க பேரைச் சுத்தியிருக்கிற குறிகளுக்கு நடுவில எண்டர் தட்டி இடம் விட்டிருக்கிறீங்க. முதல் பேருக்கு முன்னால கிடக்கிற அந்த வெற்றிடத்தையும் கணினி ஒரு பிள்ளையாத்தான் எண்ணும்" என்கிறாய். ஓம், தட்டினேன். பென்ஷன் எடுக்கும்வரை அரசாங்கக் கந்தோரில் தட்டச்சாளனாக இருந்தவன் நான். வரி உடைத்து ஓரம் விடாத தாளில் எந்தத் துரையும் கையெழுத்து வைத்ததில்லை. நீ அனுப்பிய கோப்போ சந்தை நாள் ஓட்டமாவடி பஸ் போல நெருக்கியடித்துக் கிடந்தது. அதை அழகாக அடுக்கியது என் குற்றமாம். இடைவெளிக்குப் பிள்ளை என்று பெயர் கொடுத்து, ஓடு போட்ட வீட்டையும் கொடுத்தது யார் குற்றம்?

பிறகு திருத்திவிட்டேன் என்றாய். என்ன திருத்தம்? முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை எடு என்று மாற்றியிருக்கிறாய். கிருஷாந்தினியின் பெயர் வந்துவிட்டது, மாமா வாயை மூடிக்கொள்வார் என்று நினைத்தாயாக்கும். ஆனால் பக்கத்துக் கொட்டில் கண்ணகையின் குடும்பத்தைப் பதிந்த அன்று மின்சாரம் போய்ப் போய் வந்தது. அவசரத்தில் இடமே விடாமல் அடித்தேன். அங்கே முதலில் நின்றது வெற்றிடம் இல்லை, அவளுடைய மூத்த மகள். உன் நிரல் அவளைத் தாண்டிப்போய் இளையவளுக்கு வீட்டை எழுதிவிட்டது. இப்போது அக்காளும் தங்கையும் ஒரே தகரக் கொட்டிலுக்குள் வேறு வேறு அடுப்பு மூட்டுகிறார்கள். கண்ணகை என் வாசலில் வந்து நின்று, "அண்ணன், கடல் எடுத்ததுக்கு மறுகா எனக்கு மிஞ்சினது இந்த ரெண்டு புள்ளையளும்தான். அதையும் உங்கட மெசின் பிரிச்சுப் போட்டுதே" என்கிறாள். அதற்கு நீ வந்து பதில் சொல்லு.

கோயில் அன்னதானத்தில் ஆள் இல்லாத இலைக்கு யாராவது சோறு வைப்பார்களா? எண்ணுவதற்கு முன் அது ஆளா, வெறும் இடைவெளியா என்று பார்த்தால் முடிந்தது. உன் நிரலை நம்பினால் இனிச் சரிவராது. கோப்பில் உள்ள வெற்றிடங்களை ஒன்று விடாமல் அழித்துவிடு. அழிக்காமல் ஆவணிக் கல்யாணத்துக்கு இந்தப் பக்கம் தலை காட்டாதே.

உன் அம்மாவின் மூட்டு வலிக்கு எண்ணெய் கொடுத்தனுப்புகிறேன். வெளியே போகும்போது சோதனைச் சாவடியில் காட்ட அடையாள அட்டையை மறக்காதே. அம்மன் உனக்கு நீண்ட ஆயுளும் சற்றுப் புத்தியும் தரட்டும்.

இப்படிக்கு,
மனம் கொதித்திருக்கும் மாமா,
க. நல்லரத்தினம்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில், நம்மோடு வீட்டுக்குப் பதிந்த தங்கராசா வந்தார். அவருடைய மூத்தவளைக் கடல் கொண்டுபோனது உனக்குத் தெரியும். இளையவள் சர்மிலாவை மட்டும்தான் பதிந்திருந்தோம். வெற்றிடங்களை எல்லாம் அழிக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன் என்றேன்.  "முதல் ஒட்டினதில எங்கட பேருக்கு நேர வெறும் இடமாக் கிடந்திச்சு. சர்மிலாக்கு முன்னால ஒரு இடம் விட்டிரிக்கெண்டு நீங்கதானே விளங்கப்படுத்தினீங்க. அது மூத்தவள்ற இடம். அது இரிக்கட்டும்" என்றார். ஆகவே ஒன்றையும் அழிக்காதே. வீடு சர்மிலாவுக்கே போகட்டும், இடம் அங்கேயே இருக்கட்டும். வெற்றிடத்தை மட்டும் தாண்டிப் போக உன் நிரலுக்குக் கற்றுக்கொடு. கல்யாணத்துக்கு வா.