ஜெயக்கொடி பாடிய ஸ்பானியப் பாட்டு

ஸ்ரீவில்லிபுத்தூர்,
14-8-1989

கர்த்தருக்குள் அன்பான மைக்கேல் அத்தானுக்கு,

மைத்துனன் ஏசுவடியான் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். வ. புதுப்பட்டியில் உங்கள் முழங்காலும் அக்காவின் எருமையும் அவ்வாறே இருக்க ஜெபிக்கிறேன்.

மகள் ஜெயக்கொடி வேலை பார்க்கும் ராஜபாளையம் மில்லில் ஸ்பெயின் நாட்டு மிஷின் இறக்கியிருக்கிறார்கள். கூட வந்த மெக்கானிக்குக்கு அவர் பாஷை தவிர வேறு தெரியாது. ஆபீசில் யாராவது ஸ்பானியம் படிக்க வேண்டும் என்று முதலாளி சொல்ல, உங்கள் மருமகள் கையைத் தூக்கிவிட்டாள். அன்றோடு வீட்டில் நிம்மதி போச்சு. வினைச்சொல்லைத் துண்டு துண்டாகப் பிரிக்கணுமாம், எந்தத் துண்டில் அழுத்தம் விழுகிறதோ அங்கே கை தட்டணுமாம். கான்-தோ, கான்-தாஸ், கான்-தா என்றால் முதல் துண்டில் தட்டு. கான்-தா-மோஸ் என்றால் நடுத்துண்டுக்கு மாறிவிடும். ஏன் மாறுது என்று கேட்டால் அது அப்படித்தான் என்கிறாள். இதுக்கா பி.காம் படிக்க வச்சேன்? சோறு திங்கும்போதும் தட்டுதா, குழம்பு என் வேட்டியில்.

இந்த லட்சணத்தில் போன ஞாயிறு வன்னியம்பட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை தவசிமுத்து தங்கமான பையன். குடும்பமே சபையில் கொயர் பாடுகிறவர்கள். மாப்பிள்ளையின் அம்மா ஞானபாக்கியம் காபியைக் குடித்து முடித்ததும் ஒரு பாட்டுப் பாடச் சொல்லிவிட்டார்கள். அத்தான், உங்களுக்கே தெரியும், இவள் வாயைத் திறந்தால் கோயிலில் முன்வரிசையே காலியாகிவிடும். இந்தச் சம்பந்தமும் கைவிட்டுப் போச்சு என்று எனக்கு வேர்த்துவிட்டது. இவளோ நிமிர்ந்து உட்கார்ந்து, கையைத் தட்டி, கான்-தோ, கான்-தாஸ் என்று ஆரம்பித்துவிட்டாள். கான்-தா-மோஸ் வந்தபோது அந்த அம்மா கண்ணை மூடி ஆமென் என்றார்கள். பிறகு அர்த்தம் கேட்டார்கள். இவளுக்குத்தான் பொய் சொல்ல வராதே.

"பாடுதேன், பாடுத, பாடுதா, பாடுதோம். அம்புட்டுத்தான் அத்தை."

"எம்புட்டு எளிமையா இருக்கு," என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

எனக்குச் சந்தோஷந்தான், இல்லைங்கல. ஆனா நிச்சயதார்த்தத்தன்று சபை நடுவே ஞானப்பாட்டு பாடணுமாம். அன்னைக்கு வண்டவாளம் தெரிஞ்சிரும். அதனால் நல்ல பாட்டு வாத்தியார் ஒருத்தரைக் கையோடு கூட்டிக்கொண்டு வாங்க.

அக்காவுக்கு என் தோத்திரம். பிள்ளைகளைக் கர்த்தர் காப்பாராக.

உங்கள் மைத்துனன்,
ஏசுவடியான்

பி.கு.: வாத்தியார் வேண்டாம். கவரை ஒட்டப்போகும் நேரம் மாப்பிள்ளை தனியாக வந்து நின்றார். "மாமா, உண்மையச் சொல்லிருதேன். எனக்குப் பாட வராது. கொயர்ல இத்தன வருசமா வாயத்தான் அசைக்கேன், அம்மாவுக்கே தெரியாது. இப்படிப் பாடுத பொண்ணுக்கு நான் எப்படிப் பொருந்துவேன்?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் ஜெயக்கொடி உள்ளிருந்து வந்து, அவரை உட்காரச் சொல்லி, ஒரு ஞானப்பாட்டை நிஜமாகவே பாடிக் காட்டினாள். மாப்பிள்ளை முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்கணுமே அத்தான். நிச்சயதார்த்தத்தன்று கொயர் பாடும்போது ரெண்டு பேரும் சேர்ந்து வாயை மட்டும் அசைக்கப்போகிறார்களாம்.