இரண்டு தட்டு ஆரஞ்சு

இனிமேல் பெண்டாட்டிக்குப் பயப்படுவதில்லை என்று மேற்பார்வையாளர் முடிவெடுத்தார். முடிவெடுத்த இடம் குளியலறை. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எடுத்ததால் வீட்டில் யாருக்கும் தெரியாது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆரஞ்சுப் பழங்களைக் கழுவி, தேய்த்து, தரம் பிரிக்கும் இயந்திரம் அவர் பொறுப்பு. அதன் கடைசியில் நீள மேசை. அங்கே நின்று நல்லது கெட்டது பொறுக்கும் ஆறு பெண்களுக்கு அவர் மனைவிதான் தலைவி. ஒரு மாதமாக, பளபளவென்று போகும் பெட்டிகளில் பாதி, பழத்தின் தோலெல்லாம் பழுப்பாகித் திரும்பி வந்துகொண்டிருந்தன.

"யாருய்யா காரணம்?" என்றார் முதலாளி.

"பொம்பளைங்க நகம் சார்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார். நகத்தை வெட்டச் சொல்வார்கள், அதோடு போகும் என்று கணக்கு.

"அப்ப சனிக்கிழமையோட ஆறு பேரையும் அனுப்பிடுவோம்."

அந்த ஆறில் ஒருத்தி என் வீட்டுக்காரி என்று சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாய் எடுத்தபடியே நின்றது.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி கேட்டாள். "என்னங்க, எங்க நகமாமே?"

"யார் சொன்னா?"

"நீங்கதான். முதலாளி ரூமுக்கு வெறும் பலகைச் சுவரு."

"நான் பொதுவாச் சொன்னேன்."

"ஆமா. மத்த அஞ்சு வீட்டுல அடுப்பும் பொதுவா அணையும்." பத்து விரலையும் அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல்கள். "இதுல நகம் எங்க இருக்குன்னு தேடிக் குடுங்க."

அவர் தேடினார். பிறகு தரையைப் பார்த்தார்.

மறுநாள் அவள் நேரே முதலாளியிடம் போனாள். "சார், பதினோரு மணிக்கு டீ மணி அடிச்சதும் பழம் வர்ற பெல்ட்டை நிறுத்திடறாங்க. பிரஷ்ஷை நிறுத்தறதில்ல. பின்னால பழம் வந்து தள்ளினாத்தான் முன்னால பழம் நகரும். டீ முடியற வரைக்கும் அந்தப் பழமெல்லாம் பிரஷ் மேலயே சுத்திச் சுத்தித் தேயுது. அன்னிக்குப் பாத்தா தெரியாது. ரெண்டு நாள்ல தோல் செத்துப் பழுப்பாயிடும்."

"யாரு நிறுத்தறது?"

அவள் கூரையைப் பார்த்தாள். மேற்பார்வையாளரும் அதே கூரையைப் பார்த்தார். தினமும் பெல்ட்டை நிறுத்திவிட்டு, பிரஷ் ஓடட்டும், சுத்தம்தானே என்று டீக்கு நடக்கும் கால்கள் அவருடையவைதான். காட்டிக்கொடுத்திருந்தால்கூடக் கோபப்பட்டிருக்கலாம். அவள் கொடுக்காததுதான் சுட்டது.

முதலாளி சோதனை வைத்தார். டீ நேரத்தில் பிரஷ்மேல் நின்ற பத்துப் பழம் ஒரு தட்டில். பிரஷ்ஷே படாமல், பெண்கள் வெறுங்கையால் புரட்டிய பத்துப் பழம் இன்னொரு தட்டில். "பிரஷ்", "கை" என்று தானே இரண்டு சீட்டு எழுதிச் செருகி, தன் மேசைமேல் வைத்தார். வெள்ளிக்கிழமை பார்ப்போம் என்றார்.

இருபது பழமும் ஒரே மாதிரி மின்னின.

வேலை முடிந்து எல்லாரும் கை கழுவப் போனார்கள். முதலாளி வாசலில் லாரிக்காரனோடு கத்திக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் உள்ளே நுழைந்தார். வேண்டாம் என்றது மனசு. மனசு சொல்லி அவர் என்றைக்குக் கேட்டார்? இரண்டு சீட்டையும் இடம் மாற்றிச் செருகிவிட்டு வெளியே வந்தார். அன்று சாப்பாடு இறங்கவில்லை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று அவள் பரிமாறினாள். அதுவும் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஒரு தட்டு சுத்தம். அதில் "கை". இன்னொரு தட்டில் பத்தும் நெருப்பில் வாட்டியதுபோல. அதில் "பிரஷ்".

மேற்பார்வையாளர் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி படித்தார். எழுத்து மாறவில்லை.

"பொம்பளைங்க யாரும் போக வேண்டாம்" என்றார் முதலாளி. "பிரஷ்ஷை நிறுத்தாதது யாரு?"

"நான்தான் சார்." சொன்ன குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது, ஆறு பேர் முன்னால்.

"இனிமே முதல்ல பிரஷ், அப்புறம்தான் டீ. அடுத்த தடவை மூட்டை தூக்கப் போயிடுவ."

வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழி வரை பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. "ஏய், நான் அந்தச் சீட்டை மாத்தி வச்சேனே!"

"மாத்துவீங்கன்னு தெரியும். அதான் அன்னிக்கு மத்தியானமே நான் பழத்தை மாத்தி வச்சிட்டேன். நீங்க சீட்டை மாத்தினதும் எல்லாம் சரியாப் போச்சு."

அவர் தெருவிலேயே நின்றுவிட்டார். "நான் மாத்தாம விட்டிருந்தா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்படி ஒரு நினைப்பே எனக்கு வரலீங்க."