மேல் மலையில் கரண்டு

அரைகுறை ஆங்கிலம் தெரிந்தவனை மொழிபெயர்க்க விடக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு.

அப்போது இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிளாக்கராக இருந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. மாதக் கடைசியில் தோட்டத்தை நடத்தும் துரை நல்ல வார்த்தை சொன்னால் நிரந்தரம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்து, மேல் மலையில் மூன்று இரும்புக் கம்பங்களை நட்டார். (மலை என்றால் எங்களுக்குத் தேயிலை நட்ட பகுதி, ஆபீஸ் ஆங்கிலத்தில் 'பீல்ட்'.) அவர் வானத்துக்கு ரேடியோ அலையை அனுப்புவார். அது மேகங்களுக்கு வெகு உயரத்தில் மின்னேறிய காற்றில் பட்டுத் திரும்பும். அதன் ஏற்ற இறக்கம் எந்தக் கம்பத்துக்கு முந்தி வருகிறது என்று பார்த்தால் அந்தக் காற்று நகரும் திசையும் வேகமும் தெரியும். அதை நகர்த்தும் மின்புலத்தையும், ஆங்கிலத்தில் 'எலக்ட்ரிக் பீல்ட்', கணக்கிடலாம். இவ்வளவும் நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது.

அன்று காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், துரை பேசிய ஆங்கிலத்தில் எனக்குப் பிடிபட்டவை 'அப்பர்', 'எலக்ட்ரிக்', 'பீல்ட்' என்ற மூன்று சொற்கள்தாம். கூடியிருந்த பெண்களுக்குக் கம்பீரமாக மொழிபெயர்த்தேன்: "மேல் மலையில கரண்டு ஓடுதாம். எவ்வளவு ஓடுதுன்னு இந்த ஐயா அளக்கப் போறாரு."

கூடைகள் அத்தனையும் தரைக்கு வந்தன.

"அப்ப அங்க கொழுந்தெடுக்க யாரு போறது?" என்றார் ராமாயி அக்கா. "ஈரச் சாக்க இடுப்புல கட்டிக்கிட்டுப் போயி நாங்க கருகிச் சாகவா?"

"கொஞ்சமாத்தான் ஓடும்," என்றேன். (சமாதானம் செய்தேனாம்!)

துரையின் முகம் சிவந்தது. தெரிந்த கொஞ்சத் தமிழில் கத்தினார்: "கிளாக்கர்! கொழுந்து முத்திப் போகும். இவங்க ஏறல, உனக்கு வேலை இல்ல."

"கிளாக்கரய்யா மொதல்ல அந்தக் கம்பத்தப் புடிக்கட்டும்," என்றார் ராமாயி அக்கா. "உசிரோட இருந்தா நாங்க ஏறுறோம்."

"செத்தாலும் ஏறணும் அக்கா, தூக்கியாரணும்ல!" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

ஏறினோம். கம்பத்தில் கரண்டே கிடையாது என்று ஆராய்ச்சியாளர் வழியெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். நானோ அதற்குள் என் மொழிபெயர்ப்பை நானே நம்பியிருந்தேன். கண்ணை இறுக மூடிக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. ராமாயி அக்கா தேயிலைச் செடிகளின் முதல் நிரையில் கால் வைத்தார். வேலை நிரந்தரமாகிவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது கால்சட்டைக்குள், முழங்காலுக்குப் பின்னால், சில்லென்று ஒன்று ஏறியது. ரத்தம் உறிஞ்சும் அட்டைதான். கரண்டு என்று நினைத்து, "அம்மா!" என்று அலறினேன்.

பெண்கள் கூடைகளை வீசிவிட்டு மலையிறங்கி ஓடினார்கள். அவர்கள் எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடியவர், கம்பங்களை நட்ட ஆராய்ச்சியாளர்.

மாதக் கடைசியில் பெட்டியைக் கட்டினேன். கினிகத்தேனையில் ஒரு கடையில் கணக்கெழுதச் சேர்ந்தேன். இன்றுவரை அதுதான் பிழைப்பு. என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இந்தக் கதை மனப்பாடம். கட்டிலில் காலை இடித்துக்கொண்டு நான் "அம்மா!" என்று கத்தினால் எங்கள் வீட்டில் ஒருவரும் உதவிக்கு வருவதில்லை. எல்லாரும் வாசலைப் பார்த்து ஓடுகிறார்கள்.