பத்து சென்ட் பாறையும் மம்பட்டி உபதேசியாரும்

உயிரோடு இருக்கிறவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கத் தரகர்கள் ஆயிரம் பேர் உண்டு. சாகப்போகிறவர்களுக்கு இடம் பார்ப்பதையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்ட மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் கோயிலில் ஜெபமும் வேதபாடமும் நடத்திய மம்பட்டி உபதேசியார். மண்வெட்டியை எங்கள் பக்கத்தில் மம்பட்டி என்போம். அது அவர் தோளை விட்டு இறங்கி நான் பார்த்தது அவர் முழங்காலில் நின்று ஜெபம் சொல்லும்போது மட்டும்தான். அப்போதும் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடக்கும். ஞானஸ்நானத்தில் அவருக்கு இட்ட பெயர் என்னவென்று ஆயருக்கே ஞாபகம் இருந்திருக்காது.

நோயாளியைப் பார்க்க அவர் வருகிறார் என்றால் அந்த வீடே நடுங்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தலையிலிருந்து பாதம்வரை ஒரு பார்வை பார்ப்பார். "அஞ்சே முக்கால் அடி" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் "இப்பம் எப்பிடி இருக்கு?" என்று கேட்பார். பாதிப் பேர் அதற்குள் எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிடுவார்கள். கஷாயம் குடிக்க மாட்டேன் என்று அழும் பிள்ளையிடம் தாய்மார்கள், "இப்பம் குடிக்கியா, உபதேசியார விளிக்கட்டா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்பார்கள். பிள்ளை கிண்ணத்தையே நக்கிவிடும்.

நான் அந்த ஊருக்கு டீச்சர் வேலைக்குப் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தாலுகா அன்றைக்குத் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. குழித்துறையில் பிறந்து வளர்ந்த என்னை, அருமனைக்கும் அப்பால் ரப்பர் மரங்களுக்குள் ஒளிந்து கிடந்த ஒரு குடியிருப்புக்கு மறைமாவட்டம் அனுப்பியது. ஊரில் இந்துக்கள் இருந்தார்கள், அய்யாவழிக்காரர்கள் இருந்தார்கள், நூறு வருஷமாக வேரூன்றிய, புராட்டஸ்டண்டுகளான பழைய மிஷன் சபைக்காரர்கள் இருந்தார்கள். இவர்களுக்கு நடுவில் கத்தோலிக்கர் பதின்மூன்று குடும்பம். எங்களுக்கு இருந்த சொத்தெல்லாம் ஓர் ஓலைக் கொட்டகை. திங்கள் முதல் வெள்ளிவரை அது பள்ளிக்கூடம், சனிக்கிழமை பெண்களுக்குத் தையல் வகுப்பு, அம்மை பரவினால் ஊசி போடுகிற இடம், ஞாயிற்றுக்கிழமை கோயில்.

பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் நடந்து, தகரப்பெட்டியோடு கொட்டகை வாசலில் போய் நின்றேன். உபதேசியார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளே, ஒனக்கு ஒயரம் எத்தன?"

கரும்பலகையை எந்த உயரத்தில் மாட்டலாம் என்று கேட்கிறார் போலிருக்கிறது, எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று எனக்குச் சந்தோஷம். "அஞ்சடி ரெண்டு அங்குலம், உபதேசியாரே" என்றேன்.

"பெரிய பாடு இல்ல" என்று திருப்தியாகத் தலையாட்டினார். கேள்வியின் உண்மையான பொருளை மறுநாள் பிள்ளைகள் சொன்னபோது நான் ராஜினாமாக் கடிதமே எழுதிவிட்டேன். தபால் பெட்டிக்கு மூன்று மைல் நடக்க வேண்டும் என்பதால் அது போகவில்லை.

மாதத்துக்கு ஒருமுறைதான் அச்சன் வருவார். எங்கள் பக்கத்தில் பாதிரியாரை அச்சன் என்போம். நீண்ட தாடி, நல்ல மனிதர், கோட்டயத்துக்காரர். பிரசங்கம் சுத்த மலையாளத்தில் பொழியும். உபதேசியார் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சன் அயலானை நேசிப்பதைப் பற்றி இருபது நிமிஷம் உருகி உருகிப் பேசி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு இவர் பக்கம் திரும்பினார். இவர் ஓர் அடி முன்னால் வந்தார்.

"அச்சன் சொல்லது என்னன்னு கேட்டா, நமக்கு ஒரு கல்லறைத் தோட்டம் வேணும்."

அவ்வளவுதான். பின்னால் நகர்ந்துவிட்டார். அடுத்த மாதம் அச்சன், இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய கானாவூர்க் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். அதுவும் கல்லறைத் தோட்டத்தில்தான் போய் முடிந்தது.

சிரிக்கிறோம். ஆனால் விஷயம் சிரிப்புக்கு உரியது அல்ல. அந்தப் பதின்மூன்று குடும்பத்தில் பெரும்பாலோர் பழைய சபையிலிருந்து எங்கள் பக்கம் வந்தவர்கள். அங்கிருந்து வந்தால் அங்கே கல்லறை கிடையாது. அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன், அது அவர்கள் சட்டம், அவர்கள் இடம். ஆனால் எங்கள் ஆட்களிடம் எவனாவது ஒருவன், "செத்தா எங்கலே கொண்டு வைப்ப?" என்று கேட்டுவிட்டால் பதில் சொல்ல வாய் வராது. நான் வருவதற்கு முன் இரண்டு குடும்பம் அந்த ஒரு கேள்விக்காகவே திரும்பிப் போயிருந்தது. பள்ளிக்கூடமும் தையலும் ஊசியும் ஒரு மனிதன் உயிரோடு இருக்கிறவரைக்கும்தானே. இதை முதலில் புரிந்துகொண்டவர் உபதேசியார்.

ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரர் மேலவீட்டுப் பிள்ளை. எங்கள் மதமில்லை, ஆனாலும் தர்மிஷ்டர். உபதேசியார் மூன்று வருஷம் வாரந்தோறும் அவர் முற்றத்தில் போய் நின்றார். நானும் ஒருநாள் கூடப் போனேன்.

"ஏமானே, பத்து சென்ட் போதும்."

"ஒமக்கு மூணு வருஷமா இதே பாட்டுத்தான். வே, ஒமக்கு ஆளு சாவ ஆசையா?"

"சாவாம இருந்தா நல்லதுதான், ஏமானே. ஆனா எடம் இருந்தா சாவுக்கு பயமில்லாம இருக்கலாம்லா."

பிள்ளை மலைப்பக்கம் கை நீட்டினார். "மலைச்சரிவுல அந்தப் பாறைப்பறம்ப எடுத்துக்கிடும். அங்க மரச்சீனிகூட வெளையாது" என்றார். உபதேசியார் ஜெபத்துக்கு மட்டுமே இறக்குகிற மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

பிள்ளை பொய் சொல்லவில்லை, மரவள்ளிக் கிழங்குக்குக்கூட அங்கே மண் இல்லை. எங்கே வெட்டினாலும் இரண்டடியில், மிஞ்சினால் நாலடியில் டங்கென்று பாறை. உபதேசியார் விடுவாரா? அங்குலம் அங்குலமாகக் குழி வெட்டிப் பார்த்தார். ஆடு விழுந்தது, கன்று விழுந்தது, கடைசியில் விடிகாலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போன தங்கையன் விழுந்தான். எங்கள் பதின்மூன்று குடும்பத்தில் ஒருவன். சத்தம் கேட்டு ஓடிவந்த உபதேசியார் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"தங்கையா, அடிபட்டுதா?"

"இல்ல ஓய். கையத் தாரும், ஏறட்டு."

"செத்த நேரம் பொறும். விழுந்தது விழுந்தீரு, காலும் கையும் நீட்டிக் கெடந்து பாரும். கொள்ளுதா?"

தங்கையன் சொன்ன பதிலை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. ஆனாலும் கிடந்து பார்த்திருக்கிறான். கால் இடித்தது என்று அவனே பிற்பாடு என்னிடம் ஒப்புக்கொண்டான்.

கடைசியில் கிழக்கு மூலையில் ஆறடி ஆழத்துக்கு நல்ல செம்மண் அகப்பட்டது. சுற்றிலும் கல் அடுக்கி, நடுவில் கற்சிலுவை நட்டு, அச்சன் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். உபதேசியார் புது வேட்டி கட்டியிருந்தார். பதின்மூன்று குடும்பமும் பாயசம் குடித்தது. கல்லறைத் தோட்டத்துக்குப் பாயசம் குடித்த ஒரே கூட்டம் நாங்களாகத்தான் இருப்போம்.

அதற்குப் பிறகுதான் வினை. புதுக் கல்லறைத் தோட்டத்தில் முதலில் போகிறவர், அடுத்த ஆள் வரும்வரை வாசலில் காவல் நிற்க வேண்டும், அதுவரை மோட்சம் கிடையாது என்று யாரோ ஒருத்தி சொன்னாள். ஞானோபதேசத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று அச்சன் சொன்னார். யார் கேட்கிறார்கள்? இருப்பதோ பதின்மூன்று குடும்பம். அடுத்த ஆள் வர எத்தனை வருஷம் ஆகுமோ. மூன்று வருஷம் இடத்துக்காக அலைந்த மனிதர், இடம் கிடைத்தால் போதும் என்று நினைத்துவிட்டார். முதல் ஆளாகப் போக யாரும் சம்மதிக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கிலேயே இல்லை.

அந்த மழைக்காலத்தில் தங்கையன் படுத்துவிட்டான். நெஞ்சில் காசம். நாற்பது வயதுகூட ஆகவில்லை, இரண்டு பிள்ளைகள் என் பள்ளிக்கூடத்தில் படித்தன. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். உபதேசியாரும் நானும் போனோம். அன்றைக்கு அவர் தலை முதல் கால்வரை பார்க்கவில்லை. தங்கையனின் முகத்தை மட்டும் பார்த்தார்.

"ஓய் உபதேசியாரே, எனக்குத் தெரியும். எனக்க நாளு அடுத்தாச்சு" என்றான் தங்கையன். "ஆனா அந்தப் பாறையில என்னக் கொண்டு வைக்கப்பிடாது. உசிரோட இருந்தப்பமும் விடிகாலையில ஒத்தக்கு மலையேறினவன். செத்தப் பெறவும் ஒத்தக்குக் காவல் நிக்க என்னால முடியாது."

அவன் மனைவி ஞானம்மை வாசல்வரை வந்து எங்களை நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அவியளுக்கு மனசு சமாதானமா போணும், டீச்சர். நாங்க பழைய சபைக்கே போறோம். அங்க அவியளுக்க அப்பனும் அம்மையும் கெடக்காவ. எங்களத் தப்பா நெனைக்கப்பிடாது."

அவள் போனால் மற்றப் பன்னிரண்டும் போகும். எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் வழிநெடுக அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. "தங்கையனுக்கு பயமா இருக்கு, பிள்ளே. பயந்துட்டு சாவப்பிடாது" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் ஆளைக் காணோம். மூன்று நாள் காணோம். மம்பட்டியும் இல்லை. மனம் வெறுத்து எங்கேயோ போய்விட்டார் என்று ஊர் பேசியது. நான்காம் நாள் மத்தியானம், வெள்ளைத் துணி சுற்றிய சின்ன மரப்பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார். காலெல்லாம் மலைச்சேறு. பின்னால் அச்சன்.

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு அச்சன்தான் எனக்கு விவரம் சொன்னார். உபதேசியாருக்கு ஒரு மகள் இருந்திருக்கிறாள். ரோசம்மை. பிரசவத்தோடு தாய் போய்விட, தாயைப் பழைய சபைக் கல்லறையில் வைத்தார்கள். மூன்று வருஷம் கழித்து இவர் எங்கள் பக்கம் வந்த புதிதில், காய்ச்சலில் பிள்ளையும் போய்விட்டது. தாய்க்குப் பக்கத்தில் வைக்கக் கேட்டிருக்கிறார். இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்போது கீரிப்பாறை மலையில் ஒரு தோட்டத்தில் பால்வெட்டு வேலை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய், தோட்டத்து ஓரத்தில் ஒரு மரத்தடியில், கையிலிருந்த மம்பட்டியால் அவரே குழி வெட்டி வைத்திருக்கிறார். இத்தனை வருஷம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இப்போது அச்சனைக் கூட்டிக்கொண்டு போய், தோட்டத்துக்காரர்களிடம் கெஞ்சி, எடுத்து வந்திருக்கிறார். பெட்டியில் இருந்தது கொஞ்சம்தான். மீதி மண்.

நான் அவரைப் பார்த்துச் சிரித்த ஒவ்வொரு நாளும் அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

அவர் பெட்டியோடு நேரே தங்கையன் வீட்டுக்குப் போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"தங்கையா, இது எனக்க மோளு. இன்னைக்கு இவள அங்க வைக்கப் போறேன். ஒமக்கு முன்ன இவ போறா. நீரு முதல் ஆளு இல்ல."

தங்கையன் துணி சுற்றிய அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு கிடந்தான். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினான்.

"மூணு வயசுப் பிள்ளையா ஓய்? அது எப்பிடி வாசல்ல ஒத்தக்கு நிக்கும்?"

"அதான் ஒம்மகிட்ட வந்தேன்."

"செரி. ரொம்ப நாளு நிக்காண்டாம்னு சொல்லும். நான் வந்திருவேன். நான் வந்து பாத்துக்கிடுதேன்."

ஞானம்மை வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு பழைய சபைக்குப் போகிற பேச்சை அவள் எடுக்கவேயில்லை.

அன்று மாலை ரோசம்மையை வைத்தோம். எட்டாம் நாள் தங்கையன் போனான். உறங்கினதுபோலப் போனான் என்று ஞானம்மை சொன்னாள். ஆறடிச் செம்மண் இருந்த கிழக்கு மூலையில், அந்தச் சின்ன மேட்டுக்குப் பக்கத்தில் உபதேசியாரே வெட்டினார், வேறு யாரையும் தொட விடவில்லை. பதின்மூன்று குடும்பமும் நின்றது. பழைய சபைக்காரர்கள் வந்தார்கள், மேலவீட்டுப் பிள்ளை வந்து ஒதுங்கி நின்றார். ஒரு குடும்பமும் எங்களை விட்டுப் போகவில்லை. இன்றைக்கு அந்த ஊரில் பெரிய கோயில் இருக்கிறது, மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. போன வருஷம் போட்ட விழா மலரில் ஆயர்கள் படமும் அச்சன்கள் படமும் வரிசையாக இருக்கின்றன. இவருடைய பெயரைப் பக்கம் பக்கமாகத் தேடினேன், இல்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகும் அவர் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. நான் ஒரு தூக்குவாளியில் கஞ்சியும் பயறும் கொண்டுபோனேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சின்ன மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்திருந்தா இப்பம் ஒனக்க பிராயம்தான், பிள்ளே" என்றார்.

அந்த ஈர மண்ணில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"கஞ்சி ஆறிப்போவும்" என்றேன். "குடியுங்க, அப்பா."