பச்சைக் கட்டடமும் ஒரு தொட்டித் தண்ணீரும்

ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவனுக்குக் காவல் வேலை கொடுக்கக் கூடாது. கால் நின்றாலும் கை நிற்காது.

எட்டாம் வகுப்போடு ஓடிப்போய், சூரத், பம்பாய் என்று கொத்தனார்களுக்குக் கையாளாகத் திரிந்தவன் நான். (பாதி நாள் சோறு, மீதி நாள் டீ.) இரண்டாயிரமாவது வருஷத்துக்குப் பிறகு கோவில்பட்டி திரும்பினேன். பிரசவத்துக்காகக் கழுகுமலையில் தாய்வீட்டில் இருந்த மனைவி, இந்த வேலையிலும் நிலைக்காவிட்டால் பிள்ளையோடு அங்கேயே இருந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். வேலை, கரிசல் காட்டில் புதிதாக எழும்பிய பல்கலைக்கழக வகுப்பறைக் கட்டடத்துக்குக் காவல்.

சாவியைக் கொடுத்த கோயம்புத்தூர் என்ஜினீயர், "இது பச்சைக் கட்டடமுங்க. நல்லாப் பாத்துக்கோங்க. வியாழக்கிழமை பெரியவங்க பாக்க வர்றாங்க" என்றார்.

கொத்தனார் பாஷையில் பச்சை என்றால் சிமெண்ட் இன்னும் இறுகவில்லை, தண்ணீர் காட்ட வேண்டும் என்று அர்த்தம். சுவரைப் பார்த்தேன். பூச்சில்லாத மண்கல், நடுநடுவே ஓட்டை. (பாவம், பாதியில் நிறுத்திவிட்டார்கள்.)

கட்டடத்துக்கு அடியில் பெரிய தொட்டி நிறைய மழைத்தண்ணீர் கிடந்தது. மோட்டாரைப் போட்டேன். தூண்களுக்கு ஈரச்சாக்கு சுற்றினேன். வெள்ளை ஓடு பதித்த மாடியில் கரிசல் மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினேன். ஓட்டை வழியாக வகுப்பறைக்குள் போன தண்ணீரையும் தடுக்கவில்லை. தரையும் இறுகட்டுமே.

வியாழக்கிழமை வந்தவர்களிடம் என்ஜினீயர், இந்த வறண்ட காட்டில் வருஷம் முழுக்க மழைத்தண்ணீரிலேயே ஓடப்போகும் கட்டடம் என்று சொல்லியபடி தொட்டி மூடியைத் திறந்தார். அடியில் ஒரு தவளை மட்டும் எங்களை நிமிர்ந்து பார்த்தது.

"தண்ணி எங்கீங்கண்ணா?"

"கட்டடத்துக்குத்தான் ஊத்துனேன் சார். பச்சையா இருக்குன்னு நீங்கதான சொன்னிய?"

வந்தவர்களில் ஒரு பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பச்சை என்றால் தண்ணீரையும் கரண்ட்டையும் வீணாக்காத கட்டடம் என்று அவர்தான் விளக்கினார். ஓட்டை காற்றுக்காம், வெள்ளை ஓடு வெயிலைத் தடுக்கவாம். என்ஜினீயர் சாவியைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினார்.

சாயங்கால பஸ்ஸில் கழுகுமலை போய் நடந்ததைச் சொன்னேன். விரட்டுவாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே பிரசவ வலி எடுத்துவிட்டது.

பிள்ளையை மாமியார் என்னிடம் நீட்டும்போது உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏம்மா, பச்சப்புள்ள. அவிய கையில குடுக்காத, தண்ணி ஊத்திருவாவ."

ஆனாலும் பிள்ளையோடு கோவில்பட்டிக்கு வந்துவிட்டாள். என்னைத் தனியாக விட்டால் ஊரையே நனைத்துவிடுவேனாம். மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். நான் குளிக்க ஒரு வாளி கூடுதலாக எடுத்தால் கதவுக்கு வெளியே நின்று கேட்கிறாள்:

"அப்பா, இன்னும் இறுகலையா?"