ஈரக் குடைகளைக் காயப்போடுவது பற்றி

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம். உன் அம்மாவும் நலம்தான், என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்தியிருக்கிறாள். அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு, புதிதாக எதையும் யோசிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

நிற்க. பஸ் நிறுத்தத்தில் வாடகைக்குக் குடை எடுத்து ஆஸ்பத்திரி வாசலில் திருப்பிக் கொடுக்கலாம், போகும்போது அங்கே எடுத்து நிறுத்தத்தில் விடலாம் என்கிற உன் யோசனை அருமையான யோசனை. அதை நான் இப்போதும் மறுக்கவில்லை. நீ அனுப்பிய நாற்பத்திரண்டு பக்கத் திட்டத்தை இரண்டு தடவை படித்தேன். ஐந்தாம் வருடம் எத்தனை ஊர்களில் கிளை என்பது வரைக்கும் அதில் இருந்தது. முப்பது வருடம் பஸ் டிப்போவில் நேரம் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு, ஓய்வு பெற்ற பிறகு ஒரு தொழில் என்றதும் கை துறுதுறுத்தது. நாற்பது கறுப்புக் குடை வாங்கி, பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரரிடம் சொல்லி ஒரு மூலையில் மாட்டினேன், போர்டும் வைத்தேன், அதற்கப்புறம் பதினோரு நாள் மழையே இல்லை. டீக்கடைக்காரர் தினமும், "வெயிலுக்கு ஏதாவது யோசனை வச்சிருக்கீங்களா சார்?" என்று விசாரித்தார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் கொட்டியது பார், பத்து நிமிடத்தில் நாற்பதும் காலி. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் நோயாளிகளைப் பார்த்துவிட்டு ஜனங்கள் வெளியே வரும்போது பளிச்சென்று வெயில். வெயிலில் ஈரக் குடையை யார் பஸ் நிறுத்தம் வரைக்கும் சுமப்பார்கள்? அத்தனையும் ஆஸ்பத்திரி வாசலில் குவிந்துவிட்டது. காவலாளி, "ஆம்புலன்ஸ் வர்ற வழி இது, சீக்கிரம் அள்ளுங்க பெரியவரே" என்றார். இரண்டு கட்டாகக் கட்டி பஸ்ஸில் ஏற்றினேன். பாதி வழியில் மறுபடியும் மழை. இறங்குகிறவர்கள் ஆளுக்கொன்றாக உருவிக்கொண்டு, "எங்க திருப்பிக் குடுக்கணும்?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த நிறுத்தம், அங்கேயும் அதே கேள்வி. வீடு வந்து சேர்ந்தவை இருபத்தாறு. அதில் நாலு நம்முடையவை அல்ல, நல்ல குடைகள்.

கூடத்தில் பதினாறு, குளியலறையில் ஆறு, மிச்சத்தை அடுப்படியில் விரித்து வைத்தேன். குனிந்து குனிந்து உள்ளே வந்த உன் அம்மாவின் கொண்டையில் ஒரு கம்பி மாட்டிக்கொண்டது.

"இது யாரோட யோசனை?"

"உன் பையனோடது."

"இதையெல்லாம் எங்க காயப்போடணும்னு எழுதியிருக்கானா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்பத்திரண்டு பக்கத்தையும் மறுபடி புரட்டினேன். இல்லை. அன்றிலிருந்துதான் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் வீடு முழுக்கப் பூஞ்சை வாடை.

ஆகவே கடையைக் கட்டிவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். உன்மேல் குற்றமில்லை. யோசனை உன்னுடையது, குடை என்னுடையது, வீடு உன் அம்மாவுடையது என்று பங்கு பிரிந்துபோனதில்தான் வந்தது வினை. இனிமேல் உனக்கு ஏதாவது தோன்றினால் யாருக்கும் அனுப்பாமல் ஒரு வாரம் ஓய்வெடு. தானாகச் சரியாகிவிடும்.

சகல நலமும் பெற்று, இருக்கிற உத்தியோகத்திலேயே நீ நிலைத்திருக்க வாழ்த்தும்,
உன் அப்பா.

பி.கு.: உறை வாங்க மறந்ததில் இந்தக் கடிதம் பத்து நாள் மேஜையிலேயே கிடந்துவிட்டது. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. குடைகளைக் காவலாளி தலையில் கட்டிவிட்டு வரக் கிளம்பிய உன் அம்மா, ஆஸ்பத்திரி வாசலில் நனைந்துகொண்டு நின்ற ஒரு நர்சிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். இப்போது வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற நர்சுகளுக்கு மட்டும்தான் குடை. அவர்களே வீட்டில் உலர்த்தி மறுநாள் கொண்டுவந்து விடுகிறார்கள். தெரிந்த முகங்கள், ஒன்றுகூடத் தொலையவில்லை. இன்னும் அறுபது குடைக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். திட்டத்தை எங்கே எழுதி வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "எழுத என்ன இருக்கு, மழை வந்தா குடுக்கணும்" என்றாள். உனக்கு அங்கே வேலை பிடிக்கவில்லை என்றால் அவளுக்கு ஒரு விண்ணப்பம் போடு. நான் நேற்றே போட்டுவிட்டேன். பார்க்கலாம் என்றிருக்கிறாள்.