போடியாரின் பல்லுக்கு ஐந்நூறு ரூபாய்

சண்டை நடந்த அந்த நாட்களில் மட்டக்களப்பு வாவியின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் பயப்படாத மனிதர் ஒருவரும் இருக்கவில்லை. ஆனால் எங்களுடைய ஓவசியர் பயந்த அளவுக்குப் பயந்தவர் இலங்கைத் தீவிலேயே இருந்திருக்க மாட்டார். நாங்களெல்லாம் துவக்கோடு நிற்கிறவன் எங்களைப் பார்த்தால் பயந்தோம். ஓவசியர், அவன் தன்னைப் பார்க்காமல் விட்டாலும் பயந்தார்.

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. செங்கலடியில் எங்கள் தெருமுனையில் ஆமி காவல் நின்ற சென்றியில் மழை நாளென்றால் சிப்பாய்கள் கொட்டிலுக்குள் இருந்தபடியே "போ, போ" என்று கையைக் காட்டுவார்கள். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று நாங்கள் சைக்கிளை மிதிப்போம். ஓவசியர் கொஞ்சத் தூரம் போவார், நிற்பார், யோசிப்பார், திரும்பி வந்து மழையில் நனைந்துகொண்டு நிற்பார். "என்னைச் செக் பண்ணல்லயே சேர்" என்பார். சோற்றுப் பார்சலைத் தானே அவிழ்த்து, "சோறு, மீன் கறி, பச்ச மிளகாய் ரெண்டு" என்று ஒப்புவிப்பார். ஒருநாள் பார்சலுக்குள் மிளகாய் ஒன்றுதான் இருந்தது. பொய்த் தகவல் கொடுத்துவிட்டேனே என்று அன்று முழுக்க அவர் அலுவலகத்தில் ஒரு கோப்பும் திறக்கவில்லை.

உன்னிச்சைக் குளத்து வாய்க்கால்களைப் பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகம். வாய்க்கால் இருந்த பக்கம் போக முடியாமற் போனபிறகு, வருடக்கணக்காக ஒரு வாய்க்காலையும் பார்க்காமல் ஓவசியராக இருந்தார். கல்யாணமில்லை. ஐம்பது தாண்டிய வயது. நான் அதே அலுவலகத்தில் புதுக் கிளாக்கர், வயது இருபத்தாறு, பிறந்தது வாவிக்கு அப்பால், ஆமியோடு சண்டை பிடித்த இயக்கத்தின் கையில் இருந்த படுவான்கரையில். அந்தக் காலத்தில் படுவான்கரை இளந்தாரி என்றால் தொற்று வியாதிக்காரன் மாதிரி. ஐ.சி. என்கிற அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்கெல்லாம் திடீரென்று மாமியார் வந்துவிடுவார், அறை இல்லையென்பார்கள். ஆறு வீட்டில் இல்லையென்ற பிறகு எனக்கு அறை தந்தவர் இந்தத் தொடைநடுங்கி மனிதர்தான். ஏன் தந்தார் என்று ஊருக்கே விளங்கவில்லை. வாடகைக்கு ஆசைப்பட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மனிதர் அரை றாத்தல் பாணுக்கும் விலை பேசுகிறவர்.

அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருவரும் இருந்தார். அவர் பெயர் போடியார். எங்கள் பக்கத்தில் பெரிய வயல் வட்டைகளுக்குச் சொந்தக்காரரான நிலக்கிழாரைப் போடியார் என்போம். இவர் பூனை. ஆனால் வேலை செய்யாமல் சாப்பிடுவதிலும், மற்றவர்கள் நடக்கிற பாதையில் படுத்துக்கொண்டு விலகாமல் இருப்பதிலும் அசல் போடியார்தான். எலி குறுக்கே ஓடினால் ஓவசியரைத் திரும்பிப் பார்ப்பார், நீ கவனி என்கிற மாதிரி. சந்தையில் வாங்குகிற மீனில் நடுத்துண்டு அவருக்கு, வால் ஓவசியருக்கு, தலை எனக்கு.

ஒருநாள் போடியார் நடுத்துண்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் வாயால் எச்சில் வடிந்தது, ஒரு பக்கத் தாடை வீங்கிப் பாக்குப் போட்டவர் மாதிரி இருந்தார். ஓவசியர் கராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு வாய்க்குள் வைக்கப் போய், புறங்கையில் நாலு கோடு வாங்கிக்கொண்டார்.

"உள்ளுக்க பல்லு அழுகிற்று மனே. தின்னாட்டிச் செத்துருவான்" என்றார். அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை. "ஏறாவூர் மாட்டு டொக்டரிட்ட கொண்டு போவம்."

நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். செங்கலடிக்கும் ஏறாவூருக்கும் இடையில் அப்படியொன்றும் தூரமில்லை, சைக்கிளில் ஏறி வியர்க்கிறதுக்குள் வந்துவிடும். ஆனால் இரண்டு ஊரிலும் செத்தவீடுகள் நடந்திருந்த காலம். ஏறாவூர் முஸ்லிம் ஆட்களுக்கு இங்கே வரப் பயம், தமிழரான எங்களுக்கு அங்கே போகப் பயம். பட்டப்பகலிலும் அந்த வீதியில் காகம்தான் நடந்து திரிந்தது. கடைக்குப் போய் நெருப்புப்பெட்டி வாங்குவதற்கே குலதெய்வத்தைக் கூப்பிடுகிற ஓவசியர், பூனையின் பல்லுக்காக அந்த வீதியால் போகப்போகிறாராம். சென்றியில் பேசச் சிங்களம் தெரியுமென்றபடியால் என்னையும் கூட்டிக்கொண்டார். எனக்கும் பயம்தான், ஆனால் வரமாட்டேன் என்று சொல்ல வெட்கம்.

போடியாரைப் பன்புல்லால் இழைத்த பைக்குள் போட்டு வாயைக் கட்டிக்கொண்டு சென்றிக்குப் போனோம். சிப்பாய் பேசாமல்தான் நின்றான். ஓவசியர் விடுவாரா? சைக்கிளால் இறங்கி, இரண்டு கையையும் உயர்த்தி, தனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில், "சேர், பைக்குள்ள உசிருள்ள சாமான் ஒண்டு இரிக்கி" என்றார். சரியாக அந்த நேரம் பை உதறியது.

இரண்டு துவக்குகள் எங்களை நோக்கித் திரும்பின. ஒருவன் மண்மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தான். "பூனை, பூனை" என்று நான் எனக்குத் தெரிந்த எல்லாச் சிங்களத்திலும் கத்தினேன். பையை நானே அவிழ்க்கவேண்டியதாயிற்று. போடியார் வீங்கிய தலையை நீட்டி அவர்களை ஒரு பார்வை பார்த்தார். துவக்குகள் தாழ்ந்தன. நான் பையின் வாயைத் திரும்பக் கட்டிக்கொண்டு ஏறாவூருக்கு மிதித்தேன்.

மாட்டு டொக்டர் தாடி வைத்த பெரிய உடம்புக்காரர். எங்களைக் கண்டதும் அவருக்கும் பயம் வந்ததை நான் பார்த்தேன். வெளியே எட்டி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். மறுகா பூனையின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு விலை சொன்னார்.

"ஐநூறு ரூவா."

அந்தக் காசுக்கு அப்போது வாயில் பல் முழுதாக இருக்கிற ஆட்டுக்குட்டி வாங்கலாம். நான் வாயைப் பிளந்தேன்.

"என்னைப் பாக்காதீங்க தம்பி" என்றார் டொக்டர். "மாடெண்டா நாலு பேர் புடிச்சாப் போதும், நான் புடுங்கிருவன். இவருக்கு மயக்கம் குடுக்காமக் கை வெச்சா மறுகா எனக்குத்தான் டொக்டர் தேடணும். மயக்க மருந்து இரிக்கிறது மாட்டுக்குரிய போத்தல். இவருக்கு அதில ஒள்ளுப்பம்தான் தேவ. தொறந்தாக் குளிரில வெக்கணும். கரண்டு எங்க இரிக்கி? மிச்சத்த ஊத்தத்தான் வேணும். அந்த மருந்து இனி எப்ப வருமோ அல்லாவுக்குத்தான் வெளிச்சம். பல்லுக்கு நான் ஒரு சதமும் எடுக்கல்ல, போத்தலுக்குத்தான் காசு."

பாணுக்கு விலை பேசுகிற ஓவசியர் ஒரு வார்த்தை பேசவில்லை. மடியிலிருந்து காசை எடுத்து மேசையில் வைத்தார். மயக்கம் தெளியும்வரை பூனை அங்கேயே கிடக்கட்டும், நாளைக்கு வந்து எடுங்கள் என்றார் டொக்டர். துண்டு எழுதித் தந்தார்: போடியார், மேல் கொடுப்புப் பல் ஒன்று, ரூபாய் ஐந்நூறு. இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் விடிய ஆமியின் சுற்றிவளைப்பு, வீடு வீடாகச் சோதனை. இதில் ஒன்றை விளக்கவேண்டும். அந்த நாட்களில் ஒவ்வொரு வீட்டிலும் ஆமி சீல் குத்திய ஒரு லிஸ்ட் இருக்கும். வீட்டில் படுக்கிற எல்லோருடைய பெயரும் வயதும் அதில் இருக்கவேண்டும். லிஸ்டில் இல்லாதவர் வீட்டில் இருந்தால் ஆபத்து. லிஸ்டில் இருக்கிறவர் வீட்டில் இல்லாவிட்டால் அதைவிட ஆபத்து, இயக்கத்தோடு சேரக் காட்டுக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். எங்கள் லிஸ்டை ஓவசியர் பழுதாகிவிடும் என்ற பயத்தில் ட்ரங்குப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார். நான் அதைக் கண்ணால் கண்டதில்லை.

ஒபிசர் முற்றத்தில் நின்று பெயர்களை வாசித்தார். ஓவசியர் பெயர். என் பெயர். மூன்றாவதாக, "போடியார். ஆண். வயது இருபத்தைந்து. தொழில் இல்லை. எங்கே அவன்?"

இருபத்தைந்து வயது, ஆண், தொழில் இல்லை. அந்த நாட்களில் ஒரு மனிதனைப் பற்றி எழுதக்கூடிய மோசமான மூன்று விஷயங்களையும் இந்த மனிதர் தன் பூனைக்கு எழுதிக் கையெழுத்தும் வைத்திருக்கிறார்.

"என்ன ஐயா செஞ்சு வெச்சிரிக்கிறீங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"ராவையில கூரையில நடக்கிறான் மனே. சத்தத்தக் கேட்டு உள்ளுக்க ஆரோ இரிக்கான் எண்டு சுட்டாங்களெண்டா? அதான் பேரக் குடுத்தன்."

"வயசு?"

"அஞ்சு வயசு. பூனைக்கு ஒரு வருசம் மனிசருக்கு அஞ்சு வருசமாம். பொய்த் தகவல் குடுக்கப்படாது தானே. பெருக்கி எழுதின."

நான் ஒபிசரிடம் அது பூனை என்றேன். அவர் என்னை நம்பவில்லை. பூனைக்கு இருபத்தைந்து வயதா என்றார். எங்கே அது என்றார். பல் பிடுங்கப் போயிருக்கிறது என்றேன். சுற்றி நின்ற சிப்பாய்கள் சிரிக்கவில்லை. ஓவசியர் டொக்டரின் துண்டை நீட்டினார். நான் வாசித்துக் காட்டினேன். ஐந்நூறு என்று கேட்டதும்தான் ஒபிசருக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

"போன மாதம் என் மகளுக்கு ஆஸ்பத்திரியில் சும்மா பல் பிடுங்கினார்கள்" என்றார். "பூனைக்கு ஐந்நூறு கொடுத்துப் பல் பிடுங்குகிறவன் இந்த நாட்டில் எவன்? யாருக்கு வைத்தியம் செய்துவிட்டு என்னிடம் பூனை என்கிறாய்?"

நியாயமான கேள்விதான். பத்து ரூபாய் என்றிருந்தால் நம்பியிருப்பார். உண்மையின் விலை அவ்வளவு கூடிப்போனதால் அது பொய்யாகிவிட்டது. வீட்டுக்குப் பொறுப்பானவர் என்று ஓவசியரை ட்ரக்கில் ஏற்றினார்கள். பகல் பன்னிரண்டு மணிக்குள் அந்த ஆள் முகாமுக்கு வரவேண்டும், வராவிட்டால் என்று சொல்லி ஒபிசர் நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை யாரும் சொல்லத் தேவையில்லை. அப்படி ஏற்றப்பட்டவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். ட்ரக்கில் ஏறும்போது ஓவசியர் திரும்பி, "வெறும் வயித்தோட கிடப்பான், கஞ்சித் தண்ணி குடு மனே" என்றார்.

அந்த வீதியால் தனியே சைக்கிள் ஓட்டியது என் வாழ்க்கையில் மிக நீளமான பயணம். எந்தப் பற்றை அசைந்தாலும் எனக்குச் சாவு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். டொக்டர் விஷயத்தைக் கேட்டு, "யா அல்லா" என்று தலையில் கைவைத்தார். போடியாரோடு, பிடுங்கிய பல்லையும் ஒரு காகிதத்தில் சுற்றித் தந்தார். சாட்சிக்கு உதவும் என்றார்.

முகாமுக்குப் போனபோது பதினொன்றரை. ஓவசியர் ஒரு மரக்குற்றியில் குந்தியிருந்தார். ஒரு கன்னம் சிவந்திருந்தது. நான் பையை அவிழ்த்துப் போடியாரை நிலத்தில் விட்டு, பல்லை ஒபிசரிடம் நீட்டினேன். அவர் பல்லைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார்.

"போடியார்" என்று ஓவசியர் மெல்லக் கூப்பிட்டார். மயக்கம் முழுதும் தெளியாத பூனை நாலடி நடந்தது, விழுந்தது, எழும்பி ஒரு பக்கமாகச் சரிந்து நடந்தது, திரும்பவும் விழுந்தது. அந்தப் பெரிய முற்றத்தில் எல்லாத் துவக்குகளுக்கும் நடுவால் போய் அவருடைய காலில் தலையை முட்டிக்கொண்டு கிடந்தது. ஒரு சிப்பாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

ஒபிசர் லிஸ்டை விரித்தார். "உறவு என்ற இடத்தில் இளைய மகன் என்று எழுதியிருக்கிறது" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. பேனையால் அந்த வரியை வெட்டினார். மறுகா என்னைப் பார்த்தார். "அப்போ நீதான் மூத்த மகன்?"

எனக்கு விளங்கவில்லை. ஓவசியரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், தொடை இரண்டும் கிடுகிடுவென்று ஆடின. என் சட்டைப்பையில் ஐ.சி. இருந்தது. அதில் வேறொரு தகப்பனின் பெயர் முதலெழுத்து, படுவான்கரையில் ஓர் ஊர். கேட்டால் மூன்று பேரும் தொலைந்தோம்.

"ஓம்" என்று சிங்களத்தில் சொன்னேன். ஒபிசர் ஐ.சி.யைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில், சென்றியைத் தாண்டிய பிறகு கேட்டேன். "ஏன் ஐயா அப்படி எழுதினீங்க?"

"படுவான்கரைப் பொடியன், வாடகைக்கு இரிக்கான் எண்டு எழுதினா முதல் உன்னத்தானே மனே ஏத்துவாங்கள்."

"பொய்யெண்டு பிடிபட்டிருந்தா?"

"அதுக்குத்தானே நான் இவ்வளவு நாளும் நடுங்கித் திரிஞ்ச" என்றார் ஓவசியர், பூனையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

பூனையின் வயதைக்கூடப் பெருக்கிச் சரியாக எழுதிய மனிதர், அந்த லிஸ்டில் துணிந்து எழுதிய ஒரேயொரு பொய் நான். போடியார் அதற்குப் பிறகும் பல வருடம் ஒரு பல் குறைவாக நடுத்துண்டைத் தின்றார். சண்டை ஓய்வதற்குக் கொஞ்சம் முன்னர் ஓவசியர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைக்கப் பிள்ளைகள் ஆர் இருக்கிறார்கள் என்று சுடலையில் கேட்டார்கள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் சட்டையைக் கழற்றிவிட்டு முன்னுக்குப் போனேன். லிஸ்டில் அப்படித்தானே எழுதியிருந்தது.